ஒன்றரை சாண் பெட்டி

நான் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்கிறவன். ஜீவனஹள்ளியில் ஒரு கடையை நானும் இன்னொருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. நான் ஏழாவது வரை படித்தேன். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்தேன். அது என் மனைவி கேம் ஆடுவதற்கு.

இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். பிள்ளைக்கா என்று கேட்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். ஒரு மணிக்கு இத்தனை காலர் என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். பக்கத்து மெஷின்காரியிடம் ஒரு வார்த்தை பேசினால் சூப்பர்வைசர் வந்து பின்னால் நிற்பார். நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே நான் இருப்பேன். நான் பேசுகிற ஆள் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன் போனில் ஒரு துப்பாக்கி கேம் ஆட ஆரம்பித்தாள். நாலு பேர் ஒரு அணி. ஒரு தீவில் இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டு, கடைசிவரை நிற்க வேண்டும். அவள் அணியில் ஒருவன் கோயம்புத்தூர், அவன்தான் தலைவன். ஒருவன் ஓசூர். ஒரு பெண் திருவண்ணாமலை. யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் இவளை அக்கா என்பார்கள்.

சாயந்திரம் ஏழு மணிக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் வேறு ஆள் ஆகிவிடுவாள்.

"டேய் ஓசூரு, ஜன்னல்ல நிக்காத. உங்கப்பன் வீடாடா அது? குனி. குனிடா. மரத்துக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான், அவன் வரட்டும். வா என் ராசா, வா."

நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். என்னிடம் ஒரு மாதத்தில் பேசுவதை அவர்களிடம் ஒரு நாளில் பேசிவிடுவாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வீட்டில் ஒரு குரல் இருந்தது.

ஒரு நாள் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"இனிமே எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஆடப் போறாங்களாம்யா. போட்டிங்க எல்லாம் அதுலதான் நடக்குதாம்."

"நீ?"

"புதுசா ஒரு பையன் வந்துகிறான். நாலு எடத்துக்கு அஞ்சு பேரு. நாலு வாரம் கழிச்சி ஞாயித்துக்கிழம சாயந்தரம் செலக்‌ஷன் வெக்கிறாங்க. கம்ப்யூட்டர் இருந்தா நானும் ஆடலாம். இல்லன்னா..."

"இல்லன்னா இன்னா?"

"இல்லன்னா தெனமும் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு ஒக்காரணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் பாத்திரம் கழுவப் போனாள். அன்று பாத்திரம் கழுவ ரொம்ப நேரம் எடுத்தாள்.

புதிதாக வாங்குவது எங்களுக்கு ஆகாது. எஸ்.பி. ரோட்டில் பழைய பாகங்கள் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிவாஜிநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். பாகங்களின் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாததால் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாய் கடை. இரண்டு பேர் நிற்க முடியாத அகலம். சுவர் முழுக்கப் பச்சைப் போர்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. வயதானவர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயப் பற்று. கை ஆடவில்லை. அதைப் பார்த்துதான் நின்றேன்.

"கேம் ஆடற மாதிரி வேணும் பாய். வெல கம்மியா இருக்கணும். சின்னதா இருக்கணும்."

"மூணும் ஒண்ணா கேட்டா எப்டி? சஸ்தாவா இருந்தா பெருசா இருக்கும். சின்னதா இருந்தா காசு ஆவும். சின்னதும் சஸ்தாவும் ஒண்ணா வேணும்னா கேம் ஓடாது."

நான் நகரவில்லை.

"எவ்ளோ சின்னது?"

கையை விரித்து மேஜைமேல் வைத்துக் காட்டினேன். அகலம் ஒன்றரை சாண். உயரம் ஒரு சாண். எங்கள் வீடு ஒரு ரூமும் சமையல் கட்டும். டிவிக்குக் கீழே இருக்கிற சிமெண்ட் பலகையில், தண்ணீர் ஃபில்டர் போக அவ்வளவுதான் இடம்.

"யாரு ஆடறது? பசங்களா?"

"சம்சாரம்."

பாய் பூதக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நல்லா ஆடுவாங்களா?"

"ஆடுவா."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கூட ஆகும் என்று சொன்னவர், நாலு நாளில் போன் செய்தார். ஒரு கடையில் பில் போடுகிற மெஷினிலிருந்து கழற்றிய போர்டு கிடைத்திருந்தது. முக்கால் சாண் சதுரம். பெரிய போர்டு செய்கிற வேலையை அது செய்யும் என்றார். அதற்கு ஏற்ற பிராசஸர், ரேம், டிஸ்க், குட்டையான ஒரு கிராபிக்ஸ் கார்டு, சின்ன பவர் சப்ளை. எல்லாமே யாரோ உபயோகித்தது. கார்டில் ஒரே ஃபேன். படம் காட்டுகிற வேலை அந்தக் கார்டுடையது, கேமுக்கு அதுதான் உயிர் என்றார். திரைக்கு எங்கள் டிவியே போதும். கீபோர்டும் மவுஸும் அவரே கொடுத்தார்.

ஒரு அட்டையை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிக் காட்டினார். ஓடியது. உடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்.

"இப்ப நீங்க மாட்டுங்க."

மாட்டினேன். பிராசஸர்மேல் சூடு கடத்துகிற பசை வைக்கும்போது கையைப் பிடித்தார்.

"அரே, கீல்ல கிரீஸ் போடற மாதிரி போடாதீங்க. கடுகு அளவு. அவ்ளோதான்."

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். ஓடியது. அந்த கேமையும் அவரே ஏற்றிக் கொடுத்தார். பிறகு எல்லாவற்றையும் பளபளவென்று இருக்கிற கவர்களில் தனித்தனியாகப் போட்டார்.

"கேபினெட்?"

"நானே செய்வேன். கிரில் வேல எனக்கு."

"செய்யுங்க. ஆனா மாட்டற வரைக்கும் கவர்லயே இருக்கட்டும். அவசரம்னா அட்டைப்பொட்டில வெச்சாகூட ஓடும். காத்து போனா போதும்."

வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப அட்டைப்பொட்டிலயே வெச்சிடுய்யா. இன்னைக்கே ஆடலாம்."

"வேணாம். ஒரு வாரம் பொறு."

ஒரு வாரம் என்று நான் நினைத்தது உண்மைதான். கேட்டுக்கு அடியில் அடிக்கிற தகட்டில் மிச்சத் துண்டுகள் கடையில் கிடந்தன. இருபது கேஜ். அளந்து வெட்டி மடித்தேன். முன்பக்கம் காற்றுக்கு ஓட்டை வேண்டும். வரிசையாகக் கோடு போட்டு, பஞ்ச் அடித்து, டிரில் போட்டேன். பதினாலு வரிசை. ஒன்பதாவது வரிசை நூல் அளவு சாய்ந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுத்தேன்.

இருபது வருடம் அடுத்தவர் வீட்டு வாசலுக்குச் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நான் செய்த ஒரே சாமான் துணி காயப்போடுகிற கம்பி. அதனால்தான் அப்படி உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அப்படி எதுவும் யோசிக்கவில்லை.

இரண்டாவது பெட்டி நன்றாக வந்தது. மூடிக்குக் கீல் வைத்தேன். ஆடாமல் இருக்க ஒரு கொண்டி வைத்தேன். அண்ணன் ஒரு நாள் டீ வாங்கிக்கொண்டு வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது, கோயிலுக்கு உண்டியலா?"

"கம்ப்யூட்டர் பொட்டி."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குடா கொண்டி?"

"மூடி ஆடக்கூடாது."

"ஒரு பூட்டையும் போட்டு சாவிய உன் இடுப்புல சொருகிக்க. அப்பதான் வீட்டுல சோறு ஆக்கும்."

கேட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் வாசலில் நின்று, "ஏன் குரு, நம் கேட் யாவாக?" என்று கன்னடத்தில் கேட்டார். எப்போது தருவாய் என்கிறார். ஸ்வல்ப லேட் சார் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். அவர் போனதும் என்னைப் பார்த்தார். நான் பெட்டிக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தேன்.

ரெட் ஆக்சைடு காய்ந்ததும் கறுப்பு எனாமல். அந்த வாரம் மழை. பெயிண்ட் காயவில்லை. கை வைத்தால் ரேகை விழுந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்தேன். இரண்டு வாரம் போய்விட்டது.

அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் என்ன செய்தாள் என்றால், கீபோர்டையும் மவுஸையும் எடுத்து வைத்துக்கொண்டாள். அது எதிலும் மாட்டாத கீபோர்டு. அரிசி டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, போனில் யாரோ ஆடுகிற வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டே, இடது கை விரல்களை அதில் ஓட்டுவாள். வலது கையில் மவுஸ். அதன் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வீடியோவில் சுடும்போது இவளும் கிளிக் செய்வாள். சத்தம் மட்டும் வரும்.

"எப்பய்யா வரும்?"

"பெயிண்ட் காயணும்."

"பெயிண்ட நானா சுடப் போறேன்?"

அன்றைக்கு அவள் மறுபடி கேட்க மாட்டாள். மறுநாள் கேட்பாள்.

செலக்‌ஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, பாகங்களைக் கடைக்கு எடுத்துப் போனேன். பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டில் மாட்டலாம் என்று எண்ணம். கவரிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். போர்டு சரியாக உட்கார்ந்தது. பவர் சப்ளை உட்கார்ந்தது. கார்டின் பட்டி மட்டும் பின்பக்க ஓட்டையில் நுழையவில்லை. அரை நூல் தட்டியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேலை மேஜையில் வரிசையாக வைத்தேன். கவரில் திருப்பிப் போடவில்லை. அஞ்சு நிமிட வேலைதானே. கிரைண்டரை எடுத்து ஓட்டையின் விளிம்பைத் தேய்த்தேன். பக்கத்தில் அண்ணன் அந்த கேட்டுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது. எங்கள் கடையில் பொறி பறக்காத நேரம் கிடையாது. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கார்டு நுழைந்தது. பாய் சொன்ன வரிசையில் எல்லாவற்றையும் முடுக்கினேன். மூடியைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். அண்ணன் வந்து தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்குடா. ஆணி அடிச்ச மாதிரி இருக்கு."

அவர் வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்வது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சிமெண்ட் பலகையில் வைத்தேன். இடத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அளவெடுத்துத்தான் செய்தது. அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கீபோர்டு, மவுஸ் எல்லாம் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. டிவியில் எதுவும் வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி ஒரு சுற்று. மூன்றாவது தடவை அதுவும் இல்லை.

அவள் கீபோர்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய் அரிசி டப்பாமேல் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை எனக்கு கேட் மாட்டுகிற வேலை. தள்ளிப்போட முடியாது. முடித்துவிட்டு பாய்க்குப் போன் செய்தேன். கடை மூடிவிட்டார். ஞாயிறு கடை கிடையாது என்றார். அவள் செலக்‌ஷனுக்கு ஆட வேண்டியதைச் சொன்னேன்.

"செலக்‌ஷன் எப்போ?"

"நாளைக்கு. நாலு மணிக்கு."

"காலைல வூட்டுக்கு எடுத்துட்டு வாங்க. சிவாஜிநகர்தான்."

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அவளும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு ஊற்றுகிற நாள். ஈரத் தலையோடு வந்தாள். பாய் வீட்டு மாடியில் ஒரு மேஜை. கொண்டியை நீக்கி மூடியைத் திறந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார்.

"என்னா வேல! ஓட்டைய கையாலயா போட்டீங்க?"

"ஆமா."

போர்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தார். பழைய ஸ்பீக்கர் காந்தம். அதை ஒரு மெல்லிய கவரில் சுற்றிப் போர்டுக்குப் பக்கத்தில் காட்டினார். போர்டுமேல் இருந்த தூசி எழுந்து நின்றது. ரோமம் மாதிரி நின்றது. இரும்புத் தூள்.

"எங்க வெச்சு ஃபிட் பண்ணீங்க?"

"கடையில."

"கிரைண்டர் ஓடற கடையிலயா?"

"ஆமா."

"கவர்லேந்து எடுத்துட்டு?"

தலையை ஆட்டினேன்.

பாய் காந்தத்தை மேஜையில் வைத்தார். "யா அல்லா," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

அந்தத் தூளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயந்திரம் சட்டையை உதறுகிறேன். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. என் துணியை அவள் தனியாகத்தான் துவைக்கிறாள். இருபது வருடமாக இரும்புத் தூளில் வாழ்கிறேன். அது போர்டில் விழும் என்று தோன்றவில்லை. விழுந்தால் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குக் கரண்டைக் கடத்தும் என்று கரண்டில் வெல்டிங் வைக்கிற எனக்குத் தோன்றவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு பாயிடம் கேட்டாள்.

"பொழைக்குமா பாய்?"

"பாப்போம்மா."

காந்தத்தால் எடுத்தார். பிரஷால் தட்டினார். ஸ்பிரிட்டில் பழைய டூத் பிரஷை நனைத்துச் சந்து சந்தாகத் தேய்த்தார். ரேம் சொருகுகிற இடத்தில் அட்டையை மெல்லிசாகச் சீவி உள்ளே விட்டுத் தூளை எடுத்தார். ஃபேனின் நடுவில் இருக்கிற காந்தத்தில் ஒட்டியிருந்ததைச் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்கினார். அந்த டேப் துண்டுகளை அவள் வாங்கி வாங்கி ஒரு காகிதத்தில் வைத்தாள். பவர் சப்ளையை மட்டும் அவர் திறக்கவில்லை. அதை நம்ப முடியாது என்று வேறு ஒன்று எடுத்துவந்தார். அவளுடைய தலை காய்ந்துவிட்டது. பாய் வீட்டு அம்மா எங்களுக்கு டீ கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு அட்டைமேல் வைத்து ஓட்டினார். ஓடியது.

நான் பெட்டியை இழுத்தேன். பாய் கையை வைத்தார்.

"இன்னைக்கு இது வேணாம். பெயிண்ட்லயும் தூள் ஒட்டியிருக்கு பாருங்க."

பார்த்தேன். எனாமல் முழுசாகக் காயும் முன் கடையில் வைத்திருந்தேன். உள்பக்கம் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வந்தோம். என் மடியில் காலிப் பெட்டி. வீட்டில் ஒரு பலகைமேல் போர்டைத் திறந்தபடி வைத்து மாட்டினேன். ஓடியது. ஆனால் கேம் ஏதோ புதுசாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்றது. கேபிள்காரர் கொடுத்த நெட் மெதுவாக ஓடுகிற நெட். அது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் டிவி முன்னால் உட்கார்ந்து, ஏறுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு முதன்முதலாக அந்தக் கீபோர்டில் ஒரு ஆளை நடக்கவைத்தாள். அந்த ஆள் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான்.

நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். மூன்று ஆட்டம். சத்தம் டிவியில் வந்ததால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"அக்கா வந்துட்டாங்களா?" என்றது கோயம்புத்தூர்க் குரல்.

"வந்துட்டேன்பா."

"அக்கா, கேமரா போடுங்க, செட்டப்பைப் பாக்கலாம்," என்றான் ஓசூர்.

"செட்டப்பு பலக மேல பல்ல இளிச்சிகினு கெடக்குது. நீ ஒழுங்கா எறங்குடா."

முதல் ஆட்டத்தில் இறங்கி நாலு நிமிடத்தில் செத்தாள். எதிரி எதிரில் நின்றான். இவள் சுடுவதற்குப் பதில் திரையில் சாமான் பை திறந்துகொண்டது. போனில் இரண்டு கட்டை விரல். இங்கே பத்து விரலும் வேண்டும். அவள் விரல்கள் தெரிந்ததைத்தான் தேடின.

இரண்டாவதில் நிதானித்தாள். "கெணறு பக்கத்துல ரெண்டு பேரு. வலது பக்கம் கூரை மேல ஒருத்தன், படுத்துகினு இருக்கான்." அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சுட்டார்கள். சொன்ன இடத்தில் எல்லாம் ஆள் இருந்தான். அவள் சுட்டது எதுவும் படவில்லை.

மூன்றாவதில் கடைசியில் இவளும் ஓசூரும் மட்டும் மிச்சம். எதிரணியில் ஒருவன். இவளுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அக்கா, சுடுங்க! சுடுங்கக்கா!"

விரல் கீபோர்டில் பக்கத்துக் கட்டையில் பட்டது. குண்டு மாற்ற ஆரம்பித்தாள். அவன் திரும்பிவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் கோயம்புத்தூர்தான் பேசினான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கண்ணு மாதிரி எங்க யாருக்கும் கெடையாதுங்க. கைதான் லேட்டாவுது. எத்தன நாளா கீபோர்டுல ஆடறீங்க?"

"ரெண்டு மணியிலேந்து."

"எந்த ரெண்டு மணிங்க்கா?"

"இன்னைக்கு ரெண்டு மணிப்பா."

"அய்யோ அக்கா," என்றது ஒரு பெண் குரல். திருவண்ணாமலையாக இருக்கும்.

"இந்தத் தடவ அவனை எடுத்துக்கறோங்க. அவன் ஒரு வருசமா இதுலதான் ஆடறான். ஆறு வாரங் கழிச்சு அடுத்த போட்டி. அதுக்கு மறுபடி செலக்‌ஷன் வெப்போம். நீங்க கட்டாயம் வரோணும்."

"செரிப்பா. எல்லாரும் நல்லா ஆடுங்க. ஓசூரு, ஜன்னல்ல நிக்காத."

சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள். நான் பலகை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"என்னாலதான்," என்றேன்.

"ஆமா," என்றாள்.

களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது. யாரு கேட்டா?"

பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. சாப்பாடு போட்டாள். அன்று சாயந்திரம் ஏழு மணிக்கு வீட்டில் டிவி ஓடியது. என்ன ஓடியது என்று நினைவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். எப்போதும் அவள்தான் எழுந்து, தெருக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டிக்கொண்டு எட்டு மணி வண்டிக்கு ஓடுவாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து, வீட்டில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். திரும்பி வந்தபோது அவள் எழுந்து சமையல் கட்டில் நின்றிருந்தாள்.

"போ. போய் ஆடு," என்றேன்.

"கொழம்பு?"

"நான் வெக்கிறேன்."

"நீயா?"

வெங்காயத்தை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது.

பெட்டியை மறுபடி உள்ளே தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். கம்ப்யூட்டர் பலகையிலேயே ஓடுகிறது. இரவில் ஒரு பழைய துப்பட்டாவைப் போட்டு மூடுகிறாள். கடையிலிருந்து வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று எனக்கு உத்தரவு. பெட்டி கடையில் இருக்கிறது. அண்ணன் அதில் வெல்டிங் ராடு போட்டு வைத்திருக்கிறார். மழைக்கு ராடு நனையாமல் இருக்கிறது என்கிறார்.

காலையில் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறாள். அந்த நேரத்தில் அவள் அணியில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். யார் யாரோ தெரியாதவர்களோடு ஆடுகிறாள். திரையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது. கட்டையைத் தட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்பேன். முதல் வாரம் விட்டு விட்டு வந்தது. இப்போது சேர்ந்தாற்போல் வருகிறது. தையல் மெஷின் மாதிரி.

நேற்று சாயந்திரம் வேலையிலிருந்து வந்து டப்பாவைக் கழுவப் போட்டாள்.

"கொழம்புல உப்பே இல்ல."

"ஆட்டம்?"

"ஆட்டம் பரவால்ல."